யானை மிதிக்காத கொல்லை

தருமபுரி மாவட்டத்துக் குடிமக்கள் அனைவருக்கும், அண்டை மாநிலமாகிய கர்நாடகத்துப் பெருமக்களுக்கும், கேட்கும் பொறுமை இருக்கும் பட்சத்தில் காட்டு விலங்குகளுக்கும் இதன் மூலம் தெரிவிக்கப்படுவது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு மார்கழி மாதம், பென்னாகரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சிக்கமாரனஅள்ளியில், யானைக் கூட்டத்தை ஏவிவிட்டு ஊரார் ராகியை அழிக்கும் பயங்கரச் சதி ஒன்று நடந்து வந்தது. அதை முறியடிக்கும் மாபெரும் பொறுப்பு, துப்பறியும் நிபுணர் குப்புராஜிடம் ஒப்படைக்கப்பட்டது. மாபெரும் பொறுப்பு, உட்கார இடம் கிடைக்காமல், டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வந்து சேர்ந்தது.

குப்புராஜின் அலுவலகம் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மோட்டார் காயில் கட்டும் கடையின் மாடியில் இருந்தது. கறுப்புக் கண்ணாடியை அவர் மழை நாளிலும் கழற்றுவதில்லை. அதனால் மாடிப்படியில் அடிக்கடி தடுக்கி விழுந்தார். அது பகைவர்களின் வேலை என்று நம்பினார். உதவியாளன் நசீருதீன், சாக்குக் கடை அப்துல் சுபானின் இரண்டாவது மகன். பையன் ஏதோ ஆபீஸில் வேலை கற்றுக்கொள்கிறான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நசீர் இதுவரை கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். சார் தவறான திசையில் நடக்க ஆரம்பித்தால், மறுத்துப் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போகவேண்டும்.

அவர்களை வரவழைத்தவர் பெரியண்ணன். பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றுப்போன பிறகும் வாசல் பலகையில் "தலைவர்" என்பதற்கு முன்னால் "முன்னாள்" என்று எழுத அவருக்கு இன்னும் பெயின்ட் கிடைக்கவில்லை. மலையடிவாரத்தில் அவருக்கு நாலு கொல்லை, எல்லாம் மானாவாரி நிலம். நாலையும் நாலு பேருக்கு வாரத்துக்கு விட்டிருந்தார். உழுவது, விதைப்பது, களை எடுப்பது எல்லாம் அவர்கள். விளைந்ததில் பாதி இவர். இந்த வருஷம் மூன்று கொல்லைகளின் ராகியை யானைகள் தின்றதுபோக மீதியை மிதித்துக் கூழாக்கியிருந்தன. நாலாவது கொல்லை சென்னப்பனுடையது. அது மட்டும் கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி மாதிரி மடிப்புக் கலையாமல் நின்றது.

"ஆனைக்கு என்னங்க தெரியும், இது மாதுவோட கொல்லை, இது சென்னப்பனோட கொல்லைன்னு?" என்று கேட்டார் பெரியண்ணன். "யாரோ சொல்லிக் குடுக்காம தெரியுமா?"

குப்புராஜ் கண்ணை மூடி யோசித்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் அது யாருக்கும் தெரியவில்லை.

சொல்லிக் கொடுப்பது எப்படி என்பதற்கும் பெரியண்ணனிடம் சாட்சி இருந்தது. யானை தின்ற மூன்று கொல்லைகளில் ஒன்றின் வாரக்காரனான மாது, பார்த்ததைச் சொன்னான். சென்னப்பன் தினமும் மத்தியான நேரத்தில் தலையில் ஒரு தழைக்கட்டோடு காட்டுக்குள் போகிறான். வரும்போது வெறுங்கையோடு வருகிறான். தழைக்குள் வெல்லம் இருக்கிறது; யானைகளுக்கு அதை ஊட்டி, காதில் ஊரார் பெயரை ஓதி அனுப்புகிறான். ஓதியதைக் கேட்டீர்களா என்று நசீர் விசாரித்தான். கேட்கவில்லை, ஆனால் வாய் அசைந்தது என்றான் மாது.

ஊர் தீர்ப்பை ஏற்கெனவே எழுதிவிட்டது. சென்னப்பன் பெண்டாட்டி மாதம்மாளுக்குக் கடையில் உப்புக்கூடக் கொடுப்பதில்லை. குழாயடிக்கு அவள் வந்தால் மற்றப் பெண்கள் குடத்தோடு ஒதுங்குகிறார்கள். துப்பறியும் நிபுணர் தம் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கொல்லையைப் பிடுங்கிக்கொண்டு புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஊரைவிட்டு அனுப்பிவிடலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தருமபுரியிலிருந்து ஆள் வந்திருக்கிறது.

"கவனி நசீர்," என்றார் குப்புராஜ் வெளியே வந்ததும். "எல்லாரும் வெறுங்கையா காட்டுக்குள்ள போயி, கட்டோட வருவாங்க. விறகோ, தழையோ. இவன் கட்டோட போயி வெறுங்கையா வர்றான். இதுலதான் விஷயம் இருக்குது."

நசீருக்கே வியப்பாக இருந்தது. சார் சில சமயம் சரியாகவும் பேசிவிடுகிறார்.

முதலில் கொல்லையைப் பார்த்தார்கள். ரோட்டோரம் நின்று பார்த்தால் ராகிக் கதிர்கள் பழுத்துக் குனிந்திருந்தன. வரப்பு நெடுக அவரைக்கொடி ஏறி, வேலி கட்டின மாதிரி மறைத்திருந்தது. குப்புராஜ் கொடியை விலக்கிக் காலை உள்ளே வைக்கப் போனார். கூட வந்த மாது பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

தலைவருடைய முதல் அரிவாள் விழாமல் விளைந்த கொல்லைக்குள் யாரும் கால் வைக்கக்கூடாதாம். நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, மஞ்சள் தடவின அரிவாளால் பெரியண்ணன் முதல் கதிரை அறுக்கவேண்டும். அதுவரை உழுதவனுக்கே உரிமை கிடையாது. மீறினால் வாரம் போச்சு. மாதையன் என்று ஒருவன், போன வருஷம் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று ஒரு கூடைக் கதிரை முன்கூட்டி அறுத்தான். இப்போது குடும்பத்தோடு ஓசூர்ப் பக்கம் கல் உடைக்கிறான்.

"எப்பதான் அறுப்பாரு?" என்று கேட்டான் நசீர்.

"தை மாசத்துலதாங்க. கார்த்திகையில வந்த நல்ல நாளெல்லாம் ஒண்ணு தலைவருக்குச் சந்திராஷ்டமம், இல்லாட்டி ஜோசியருக்கு ஜொரம். இப்ப மார்கழி. மார்கழில நல்ல காரியம் ஆவாது இல்லீங்களா."

மாது போன பிறகு இருவரும் வரப்பு வழியாகக் கொல்லையைச் சுற்றிக் காட்டுப் பக்கம் வந்தார்கள். நசீருக்கு ஏதோ ஒன்று குறைவதாகப் பட்டது. பக்கத்துக் கொல்லைகளில் யானை மிதித்துப் போட்ட மிச்சத்தின்மேல் குருவிகளும் கிளிகளும் சந்தை வைத்திருந்தன. ஒரு பெண் தகரத்தைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழு விளைச்சலோடு நிற்கும் சென்னப்பன் கொல்லையில் ஒரு குருவி இல்லை.

"ஆனைக்கு மட்டும் இல்லீங்க சார், குருவி காதுலயும் ஓதிட்டான் போல," என்றான்.

குப்புராஜ் அதைக் கேட்கவில்லை. அவர் மண்டியிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து, தரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டுகளைவிடப் பெரிதாக, வரிசையாகக் குழிகள்.

"யானைத் தடம், நசீர்."

"கண்ணாடி இல்லாமலே தெரியுதுங்க சார்."

தடம் காட்டிலிருந்து நேராக வந்தது. அவரைக்கொடியை மிதித்துக் கொல்லைக்குள் சில அடிகள் நுழைந்தது. அங்கே நின்றது, நின்ற இடத்தில் மண் நன்றாக அழுந்தியிருந்தது. அப்புறம் அப்படியே திரும்பிப் பக்கத்து மாதுவின் கொல்லைக்குப் போய்விட்டது. கூட வந்த ஒரு சின்ன யானை பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்திருந்தது. யாரோ எங்கேயோ வெடி வைத்திருக்கவேண்டும், அல்லது ஆணிப் பலகை. மலைமேல் காடு இருந்த இடத்தில் இப்போது தைல மரம் வரிசையாக நிற்கிறது. அதை ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். நொண்டிக் காலோடு அந்தக் குட்டி இறங்கி வந்தது வேடிக்கை பார்க்க அல்ல.

"மந்திரக் கட்டு," என்றார் குப்புராஜ் குரலைத் தாழ்த்தி. "உள்ளே வந்த யானையை எதுவோ தடுத்து நிறுத்தியிருக்குது."

நசீர் தடத்தையே பார்த்தான். "எனக்கு வேற மாதிரி தோணுதுங்க சார். நம்ம பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல மூணு மணிக்கு நுழைஞ்சா எப்படி இருக்கும்? உள்ள போறோம், நிக்கறோம், எல்லாம் தீர்ந்துபோச்சுன்றாங்க, பக்கத்து ஓட்டலுக்குப் போறோம். இது அந்த நடைங்க."

விளையாட்டாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொடிக்கு அப்பால் எட்டிப் பார்க்கலாம் என்று நசீர் குனிந்தபோது, மலைச்சரிவில் தலைச்சுமையோடு ஓர் ஆள் ஏறிப் போவது தெரிந்தது.

பின்தொடர்வது எப்படி என்பதைப் பற்றிக் குப்புராஜுக்குத் திட்டவட்டமான கொள்கைகள் உண்டு. ஆனால் சரிவு செங்குத்து, அவருக்கு இளைப்பு. ஒரு கட்டத்தில் நசீர் குடையின் மறுமுனையைக் கொடுத்து அவரை இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. சுமைக்காரன் திரும்பியே பார்க்கவில்லை. மேலே ஒரு பரந்த பாறை. அதன் மறைவிலிருந்து பொத்துப் பொத்தென்று மெல்லிய சத்தம் வந்தது, யாரோ தலையணையை அடிப்பதுபோல.

பாறையைச் சுற்றிப் போனார்கள்.

ஒரு பெண், சேலைத் துணியை விரித்து அதன்மேல் ராகிக் கதிர்களைப் பரப்பி, சத்தம் வராதபடி தடியில் துணி சுற்றி அடித்துக்கொண்டிருந்தாள். சென்னப்பன் அப்போதுதான் கட்டை இறக்கியிருந்தான். மேலே தழை, உள்ளே கதிர். ஓடவில்லை. ஓடுவதற்கு அவனுக்கு வேறு ஊர் எதுவும் தெரியாது போலிருந்தது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

பாறை இடுக்கில் இரண்டு குவியல்கள் இருந்தன.

"இது தலைவருதுங்க," என்றான் சென்னப்பன், யாரும் கேட்பதற்கு முன்னால். "இது எங்களுது. அவருதுதான் பெருசு. பார்த்துக்கோங்க சாமி."

மெல்ல மெல்ல வெளியே வந்தது. கார்த்திகையிலேயே கதிர் பழுத்துவிட்டது. சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாதுவின் கொல்லையில் யானை நுழைந்த அன்று, தை வரைக்கும் தன் கொல்லையில் ஒரு தாளும் மிஞ்சாது என்று சென்னப்பனுக்குத் தெரிந்துபோயிற்று. காட்டுப் பக்கத்திலிருந்து கதிர்களை மட்டும் கிள்ள ஆரம்பித்தான். தாள் அப்படியே நிற்கும். ராகியில் கதிரைக் கொய்துவிட்டுத் தாளை அப்புறம் அறுப்பதுதானே வழக்கம். மனுசர் கண்ணுக்காக ரோட்டோரம் இரண்டு வரிசையைத் தொடாமல் விட்டான். யானைகள் காட்டுப் பக்கமிருந்து வந்தன, மோந்து பார்த்தன, ஒன்றும் இல்லை என்று தெரிந்து நகர்ந்தன. ஊரில் யாரும் கண்டுபிடிக்காததை அவை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டன.

"அரிவாளைத் தொடவேயில்லீங்க," என்றான் சென்னப்பன். "கையாலதான் கிள்ளினேன். முதல் அரிவாள் தலைவருதுதான். அதுல நான் தப்புப் பண்ணலை."

அவன் விரல்நுனிகள் தோல் கிழிந்து கறுத்திருந்தன. உயர் நீதிமன்றத்தில் இந்த வாதம் எடுபடலாம், பெரியண்ணன் வாசலில் எடுபடாது என்று நசீர் நினைத்தான். வழக்கத்துக்கு மாறாக அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாதம்மாள் தடியைக் கீழே வைத்தாள். "ஏன் பாய், கண்டுபுடிச்சிட்டீங்க. இதை வெச்சிகினு இப்ப என்னா பண்ணப் போறீங்க?"

நசீர் சாரைப் பார்த்தான். சார் குவியல்களைப் பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் அவர் துப்பு கண்டுபிடித்தது இதுதான் முதல் தடவை. கண்டுபிடித்தால் சந்தோஷமாக இருக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"நாங்க ஒண்ணும் பார்க்கலை," என்றார் குப்புராஜ்.

இறங்கி அடிவாரத்துக்கு வந்ததும் குப்புராஜ் நின்றார். உண்மையான குற்றவாளி யார் என்று தமக்குத் தெரிந்துவிட்டது என்றார். சென்னப்பனைக் காட்டிக் கொடுக்காமலே அதைச் சபையில் உடைக்க முடியும் என்றார். எப்படி என்று கேட்டதற்கு, கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நசீர் மறுத்துப் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் பால் சொசைட்டி வாசலில், பால் ஊற்ற வந்தவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். பெரியண்ணன் நாற்காலியில். கூட்டத்தின் ஓரத்தில், பாறையிலிருந்து இறங்கி வந்த சென்னப்பனும் மாதம்மாளும்.

குப்புராஜ் அன்று பேசியதைச் சரி என்றுதான் சொல்லவேண்டும். வெல்லம் இல்லை, மந்திரம் இல்லை என்று ஆரம்பித்தார். சுற்றுவட்டாரத்து மற்ற ஊர்களில் ஒரு கொல்லையிலாவது கதிர் நிற்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார்கள். பசித்த யானை கதிர் நிற்கிற இடத்துக்குத்தானே வரும் என்றார். ஆமாம் என்றார்கள். இங்கே மட்டும் கதிர் ஏன் நிற்கிறது என்று கேட்டார். இதற்கு யாரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஆனையைக் கூப்பிட்டது சென்னப்பன் இல்லை," என்றார் குப்புராஜ். "நல்ல நாள். தை வரட்டும், தை வரட்டும்னு கதிரை நிக்க வெச்சீங்களே, அதுதான் கூப்பிட்டது. அறுக்கறவனுக்கு எல்லா நாளும் நல்ல நாள்தான், தலைவரே."

நசீர் மெய்மறந்து நின்றான். குடையைக் கீழே போட்டதுகூடத் தெரியவில்லை. மாது முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திப் பெரியண்ணனைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். பெரியண்ணன் முகம் கறுத்தது, சிவந்தது. பிறகு மெதுவாக, மேடையேறும்போது வருகிற ஒரு வெளிச்சம் அதில் வந்தது.

"சரியாச் சொன்னீங்க," என்றார். "இதைத்தான் நானும் ரொம்ப நாளா நெனச்சிகினு இருந்தேன். இந்த ஜில்லாவுலயே மூடநம்பிக்கையை ஒடைச்ச மொத ஆளு பெரியண்ணன்னு இருக்கட்டும். மார்கழின்னா என்னா? நாளைக்குக் காலையில மொத அரிவாள் வெக்கறேன். பென்னாகரத்துலேருந்து மைக் செட் வரட்டும். போட்டோக்காரனையும் வரச் சொல்லு."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. நசீரும் விட்டான். பாதி மூச்சு வெளியே போயிருக்கும்போது பெரியண்ணன் மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

"மிதிபட்ட கொல்லையில மொத அரிவாள் வெக்கறது அபசகுனம். நெறஞ்சு நிக்கறது சென்னப்பன் கொல்லைதான். அங்கதான் வெக்கறோம். நடுக்கொல்லையில. ஊரே வரணும்."

மாதம்மாள் சென்னப்பன் கையைப் பிடித்தாள்.

குப்புராஜ் நாலைந்து வழிகளில் முயன்றார். சகுனம் பார்ப்பது மூடநம்பிக்கைதானே என்றார். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒழிக்க முடியாது என்று பெரியண்ணன் பெருந்தன்மையாகச் சொன்னார். நாளை நாள் அவ்வளவு சரியில்லையே என்று இழுத்தார். எல்லா நாளும் நல்ல நாள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று மாதுவே எடுத்துக்கொடுத்தான். அத்தனை பேரும் குப்புராஜைப் பார்த்து நன்றியோடு சிரித்தார்கள். அவர் வாழ்க்கையில் முதல்முதலாக, அவர் பேச்சை ஓர் ஊரே அப்படியே நம்பிவிட்டது.

கொல்லை வரப்பில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கிள்ளிய கதிரைத் தாளில் திரும்ப ஒட்டுவதற்குப் பசை எதுவும் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக அத்தனை தாளையும் அறுத்துவிடலாம் என்றார் குப்புராஜ். அறுத்தது யார் என்று காலையில் கேட்பார்களே என்றான் சென்னப்பன். உண்மையைச் சொல்லிக் காலில் விழலாம் என்றார். மாதையன் விழுந்தான் என்றாள் மாதம்மாள்.

"ஆனை மிதிச்சுதுன்னா யாரும் கேக்கமாட்டாங்க," என்றான் சென்னப்பன் தரையைப் பார்த்து.

நசீர் எழுந்து கடைக்குப் போய் வெல்லம் வாங்கி வந்தான். சென்னப்பனும் மாதம்மாளும் பாறைக்குப் போய் ராகியைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். நசீர் சாக்குக் கடைக்காரர் பிள்ளை. மூட்டை தூக்குவதில் மட்டும் இந்த வழக்கில் அவனுக்கு உண்மையான அனுபவம் இருந்தது. காட்டிலிருந்து தடம் வந்த வழியில், கொல்லை நடுவரைக்கும், கைகையாக இறைத்தார்கள். அவர்கள் குவியல் தீர்ந்தது. தலைவர் குவியலையும் போடுவதா என்று சென்னப்பன் கேட்டான். அவனுக்கு அது அந்த நேரத்திலும் பிறர் சொத்து.

"போடு," என்றாள் மாதம்மாள்.

ஊர் அவன்மேல் சுமத்திய குற்றத்தைச் சென்னப்பன் அன்றைக்குத்தான் செய்தான். வெல்லத்தை உடைத்து அங்கங்கே வைத்தான். காட்டைப் பார்த்து நின்று வாய்க்குள் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று நசீர் கேட்கவில்லை. தானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். குப்புராஜ் வரப்பில் உட்கார்ந்து, யானைகள் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பால் சொசைட்டிப் பக்கமிருந்து மைக் செட் உயிர் பெற்றது. புளியமரத்தில் கட்டிய குழாய் மலையைப் பார்த்து வாயைத் திறந்திருந்தது. ஹலோ, ஹலோ என்றது. பக்திப் பாட்டு போட்டார்கள். அது முடிந்ததும் இன்னொன்று. நடுவில் பெரியண்ணனே வந்து, நாளைய விழாவுக்கு அனைவரும் திரண்டு வரும்படி அழைத்தார். பையன்கள் சந்தோஷத்தில் யானை விரட்ட வாங்கி மிச்சமிருந்த வெடிகளையெல்லாம் வெடித்துத் தீர்த்தார்கள். மலைமேல் எங்கேயோ ஒரு பிளிறல் கேட்டது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று, இன்னும் தள்ளி.

அன்று இரவு ஒரு யானையும் வரவில்லை.